கை நனைக்காத வீட்டில் ஒரு பிரெஞ்சு விருந்து

என் மனுஷன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். குடி இல்லை, சீட்டு இல்லை, சத்தம் போட்டுப் பேசுவதுகூட இல்லை. ஆனால் பிடித்தால் பிடித்த பிடிதான். பனியில் வழுக்குகிற பஸ்ஸை ஒரு மாதிரித் திருப்பி எடுத்துவிடுவார்; அவரைத் திருப்பி எடுக்க ஒருத்தராலும் ஏலாது. இரண்டு வருஷமாக அவர் எங்கள் ஒரே மகளின் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை.

மகளோடு கோபமா என்றால் அதுவும் கிடையாது. அவளுடைய பிறந்தநாளுக்குப் போவார், தீபாவளிக்குப் போவார். ஜாக்கெட்டைக் கழற்றாமல் சோபாவின் நுனியில் இருப்பார். "தண்ணியாவது குடியுங்களன் அப்பா" என்று அவள் கேட்டால், "இப்பதான் பஸ்ஸுக்குள்ள குடிச்சனான் புள்ள" என்பார். அந்தப் பஸ்ஸுக்குள் என்ன கிணறா வெட்டி வைத்திருக்கிறார் என்று எனக்கு வாய்வரைக்கும் வரும். மகள் அந்தக் கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு குசினிக்குள் போவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். மகள் ஒரு பிரெஞ்சுக்காரனோடு கல்யாணம் கட்டாமல் ஒரே வீட்டில் இருக்கிறாள். நோர்வேயில் இதற்கு சம்போர் என்று பெயர். இங்கே பல் டொக்டரிலிருந்து பக்கத்து வீட்டுக் கிழவர் வரை எல்லோருக்கும் அது மரியாதையான உறவு. எங்கள் ஆட்களுக்குத்தான் அதற்கு ஒரு முறை கிடையாது. சம்பந்தம் பேசி முடிவாகாத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. பெண் பார்க்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சரி, விஷயம் ஒப்பேறும்வரை அந்த வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். தேத்தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதில் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. என் மனுஷன் தண்ணீரும் கூடாது என்கிற கட்சி.

"எந்த முறையில நான் அங்க சாப்பிடுறது?" என்று என்னிடம் கேட்பார். "மகள்ட வீடு எண்டா மருமகன் எங்க? சம்பந்தி வீடு எண்டா சம்பந்தம் எங்க?"

"பசிச்சா சாப்பிடுறது. அதுக்கு என்ன முறை வேண்டிக்கிடக்கு?" என்பேன் நான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, இந்த மனுஷன் அந்த வீட்டில் இருந்து ஒரு வாய் சாப்பிடவேண்டும். அவள் வைத்ததைச் சாப்பிடவேண்டும். லோறென்ஸ்கூக்கில் பெரிய வீடு வாங்கியிருக்கிற என் மச்சாள் என்ன சொல்லுவாள், மட்டக்களப்புச் சங்கத்தில் என்ன கதைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தூசு. தகப்பன் திருப்பி அனுப்பிய கிளாஸை மகள் கழுவுகிற சத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் வியாழக்கிழமை தவறாமல் அங்கே போய் மூக்குமுட்டச் சாப்பிட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது.

மகளின் அந்தப் பிரெஞ்சுக்காரன் கடலடி மண்ணை ஆராய்கிற வேலை செய்கிறான். வியாழக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை. மண்ணை ஆராய்கிறானோ இல்லையோ, அடுப்பில் எந்நேரமும் பால் காய்ந்துகொண்டிருக்கும். நான் பாலர் பள்ளியில் ஊர்ப்பட்ட மூக்கையெல்லாம் துடைத்து முடித்துவிட்டு நேரே அங்கே போய் இறங்குவேன். முதல் நாள் அவன் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தான். பார்த்தால் நம்முடைய கறமல் புடிங். கொழும்புக் கல்யாணங்களில் கடைசியாக ஆடி ஆடி வருமே, அதே சாமான்.

"இது எங்களுக்குத் தெரியுமே, புடிங்" என்றேன்.

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. புடிங் என்பது இங்கிலீஷ்காரன் தின்பதாம். இது கிறீமாம். சரியப்பா, கிறீம். அதற்காக அழுதுவிடாதே என்று இரண்டாவது கிண்ணத்தையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் எனக்குக் கிறீமின் வம்சாவளி முழுவதையும் சொல்லித் தந்தான். பாலும் முட்டை மஞ்சளும் சீனியும் சேர்த்துக் காய்ச்சினால் அது ஆங்கிலேயக் கிறீம். இங்கிலீஷ்காரனின் சாப்பாட்டைக் கண்ணில் காட்டக்கூடாது, பெயர் மட்டும் அவனுடையது. அதற்குள் மா சேர்த்தால் கேக் கடைக்காரரின் கிறீம். மேலே சீனி தூவி நெருப்பால் சுட்டால் எரித்த கிறீம். வெறும் கிறீமைச் சீனி போட்டு அடித்தால் அதற்கு ஏதோ ஒரு மாளிகையின் பெயர். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் மற்றது இருந்தால் பெரிய குற்றம். ஒன்றோடு மற்றது கலந்துவிட்டால் பிறக்கிறதற்கு வேறு பெயர்.

"அட, நீங்களும் பாலையும் முட்டையையும் வைத்தே சாதி பிரித்திருக்கிறீர்களே!" என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

நோர்வேயில் அவனுக்கு ஒரே ஒரு தீராத துக்கம். பகல் பதினொரு மணிக்கு, கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தபடி, கடதாசியில் சுற்றிய இரண்டு துண்டு பாணைத் தின்றுவிட்டு அதைச் சாப்பாடு என்று சொல்கிறார்களே என்பது. "அது சாப்பாடில்லை, பெற்றோல் அடிக்கிறது" என்பான். அவன் ஊரில் சாப்பிட இருந்தால் சாப்பாட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். நேற்றுச் சாப்பிட்டது, நாளைக்குச் சாப்பிடப் போவது, செத்துப்போன மாமி சமைத்தது. ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டுக்குப் போகிறவன் கேக் கடையில் வரிசையில் நின்று, ரிபன் கட்டிய பெட்டியோடுதான் போவானாம். வெறுங்கையோடு போனவனை அடுத்த ஞாயிறு வரைக்கும் நார் நாராகக் கிழிப்பார்களாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் இவன் நம்ம ஆள் என்று எனக்குப் பட்டது.

அப்படி ஒரு பெட்டியோடுதான் அவன் முதல்முதலாக ரொம்மனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தான். நீள நீளமான பலகாரம், உள்ளே கிறீம், மேலே சொக்லேட். என் மனுஷன் அவனோடு உதைபந்தாட்டம் கதைத்துக் கதைத்தே பாதிப் பெட்டியைக் காலி பண்ணினார். அவன் போன பிறகு மீசையில் ஒட்டியிருந்த கிறீமைத் துடைத்துக்கொண்டு, "பெடியன் பரவாயில்ல" என்றார்.

"அப்ப அவன்ட வீட்டில சாப்பிட்டா என்ன?"

"அவன் கொண்டுவந்தத எங்கட வீட்டில சாப்பிடுறது வேற. அவன்ட வீட்ட போய்ச் சாப்பிடுறது வேற."

இந்தச் சட்டம் எந்தப் பார்லிமென்டில் நிறைவேறியது என்று கேட்டேன். மிச்சமிருந்த ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு செய்தி பார்க்கப் போய்விட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, இந்த ஜூன் மாதம் அவனுடைய தாய் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். கணவனை இழந்தவர். கட்டையான, அகன்ற தோள் உள்ள மனுஷி. பிரெஞ்சைத் தவிர வேறொரு சொல் தெரியாது. தெரியவேண்டும் என்ற ஆசையும் கிடையாது. சம்பந்தியம்மா என்று நான் மனதுக்குள் கூப்பிட்டேன். வெளியில் சொன்னால் என் மனுஷன் "இன்னும் இல்ல" என்பார்.

அவர் பெட்டியைத் திறந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், அன்றைக்கு வியாழக்கிழமை. உடுப்பு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பட்டர், உப்பு, வனிலாக் காய், தலையணை அளவில் ஒரு சீஸ் கட்டி. நம் ஆட்கள் ஊரிலிருந்து கறித்தூளும் கருவாடும் கொண்டுவருகிற அதே மாதிரி, கடதாசியில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் துவாயால் சுற்றியிருந்தது. வீடு முழுக்க சீஸ் மணம். மணம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நோர்வேக் கடைக் கிறீமில் ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, பசு நல்ல பசு, ஆட்கள்தான் அவசரக்காரர் என்று தீர்ப்புச் சொன்னார். மகன் அதை எனக்கு நோர்வேஜியனில் சொன்னான். எனக்கு மனுஷியை நல்லாகப் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை பெண்ணின் தாய் தகப்பனுக்குத் தான் சமைக்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம். மகள் எனக்கு டெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, அப்பாவக் கூட்டிக்கொண்டு வாங்க. இவர்ட அம்மா ரெண்டு நாளா நின்டு சமைக்கிறா. அப்பா சாப்பிடாட்டி..." என்று இழுத்தாள். பிறகு, "வாங்க, என்ன?" என்று வைத்துவிட்டாள்.

மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ கேட்ட உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாய்க்காரி வந்திருக்கிறா எண்டா நல்லதாப் போச்சு. முறையாப் போய் விஷயத்தக் கதைப்பம். கலியாணம் எப்ப எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும், உடன கை நனைக்கிறன்."

எனக்குக் காலில் சதங்கை கட்டாத குறை. ஐந்து நிமிஷம் கதை, பிறகு சாப்பாடு. இவ்வளவுதானே! கோயிலுக்குக்கூட நேர்ந்துகொண்டேன். பிரெஞ்சுக்காரர் எந்த ஒழுங்கில் கதைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டேன். ரொம்மனில் ட்ரெயின் ஏறி, மகள் வீட்டுக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த பெடியன், பாவி, செருப்புத் தட்டைத் துழாவி என் வீட்டுச் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தான். சிவப்புச் செருப்பு. குதிக்கால் தேய்ந்து, பெருவிரல் அடையாளம் பதிந்துபோயிருந்தது.

என் மனுஷன் குனிந்து பார்த்தார். "இது ஆர்ட?"

"வாற போற ஆக்களுக்கு வச்சிருக்கிறதாக்கும்."

"வாற போற ஆக்கள் எல்லாருக்கும் உன்ட பெருவிரலா?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறு என்று உள்ளே போய்விட்டேன். சம்பந்தியம்மா வந்து அவருக்கு இந்தக் கன்னத்தில் ஒரு முத்தம், அந்தக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். மனுஷன் லைட் கம்பம் மாதிரி நின்றார். சம்பந்தியம்மா என் ரோல்ஸ் பெட்டியை வாங்கி, முகர்ந்து, பலமாகத் தலையாட்டிவிட்டு, குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நாளைக்காம். இன்றைக்கு ஒழுங்கு வேறயாம்.

ஆனாலும் என் மனுஷன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. மகள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

எல்லோரும் மேசையில் இருந்தோம். அவர் தொண்டையைச் செருமினார். நோர்வேஜியனில், பஸ்ஸில் அறிவித்தல் சொல்கிற குரலில், "நாங்கள் வந்த நோக்கம் என்னவென்றால்" என்று தொடங்கினார். பெடியன் தாயிடம் அதைப் பிரெஞ்சில் சொன்னான். சம்பந்தியம்மா ஒற்றை விரலைத் தூக்கினார்.

"அப்றே" என்றார். பிறகு என்று அர்த்தம். சொல்லிவிட்டு என் மனுஷன் முன்னால் ஒரு கோப்பை சூப்பை வைத்தார்.

பெடியன் எங்களுக்கு விளக்கம் சொன்னான். அவர்கள் வீட்டில் முக்கியமான விஷயத்தை வெறும் வயிற்றோடு எடுப்பதில்லையாம். எடுத்தால் அது சாப்பாட்டுக்குச் செய்கிற அவமானமாம். சூப் போய், இறைச்சி போய், சீஸ் போய், கடைசியில் கிறீம் வந்து வாய் இனித்த பிறகுதான் பெரிய கதை எல்லாம். காணி விற்றதும் அப்படித்தான், அண்ணன் தம்பி சமாதானமானதும் அப்படித்தான், அவன் தகப்பன் அவன் தாயைக் கேட்டதும் அப்படித்தானாம்.

என் மனுஷன் என் காதுக்குள் தமிழில் சொன்னார்: "கதைக்காமச் சாப்பிடமாட்டன்."

எதிரில் இருந்தவர் சாப்பிடாமல் கதைக்கமாட்டார். ஐயோ கடவுளே, நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

சூப் ஒரு பச்சைத் தண்டில் செய்தது, கிறீம் போட்டது. மணம் ஆளைத் தூக்கியது. என் மனுஷன் கரண்டியைத் தொடவில்லை. சமைத்தவர் பார்த்துவிட்டால் மனம் முறிந்துபோவார் என்று எனக்குப் பதறியது. சம்பந்தியம்மா குசினிக்குள் போன நேரம் பார்த்து என் கோப்பையை மடமடவென்று குடித்து, அவர் முன்னால் தள்ளிவிட்டு, அவருடையதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். திரும்பி வந்த மனுஷி என் மனுஷன் முன்னால் இருந்த வெறும் கோப்பையைக் கண்டார். முகம் மலர்ந்துபோயிற்று. உடனே அதில் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

போச்சுடா!

அதையும் நானே குடித்தேன். பிறகு கோழி வந்தது. கோழியும் கிறீமில் குளித்துக்கொண்டுதான் வந்தது. கூடவே உருளைக்கிழங்கு, அதுவும் கிறீமுக்குள். என் மனுஷன் மறுபடியும் "கலியாண விஷயம்" என்று வாயைத் திறந்தார். மறுபடியும் விரல். மறுபடியும் "அப்றே".

"மறுகா மறுகா எண்டா எப்ப?" என்று என்னிடம் சீறினார். "இந்த மனுசி பஸ் ஸ்டாண்டில இருக்கிற மாதிரியெல்லோ இருக்கிறா, அடுத்த பஸ் அடுத்த பஸ் எண்டு."

"வாய மூடிக்கொண்டு பிளேட்ட இஞ்சால தள்ளுங்க."

அவருடைய கோழியையும் நான்தான் தின்றேன். வெறுமையான பிளேட்டைக் கண்டு அதற்குப் பரிசாக வைத்த இரண்டாவது துண்டையும் நான்தான் தின்றேன். சாறு மிஞ்சியதைப் பாணால் துடைத்துச் சாப்பிடவேண்டும் என்று பெடியன் காட்டித் தந்தான். அதையும் இரண்டு பிளேட்டிலும் செய்தேன். என் பாவாடை நாடா நின்று பிடிக்குமா என்று பயம் வந்துவிட்டது. சாப்பிடத் தொடங்கியபோது ஜன்னலில் வெயில். இவ்வளவும் தின்ற பிறகும் அதே வெயில். இந்த நாட்டு ஜூன் மாதத்தில் பொழுது பட்டுவிட்டது, வெளிக்கிடுவோம் என்று சொல்லித் தப்பவும் வழி கிடையாது.

இவ்வளவுக்கும் மனுஷனுக்குப் பசி. காலையில் ஒரு தோசையோடு வேலைக்குப் போய் வந்தவர். அவர் வயிறு கடமுடா என்று உருளுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு தடவை குளிர்ப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்தது நான் சுட்ட ரோல்ஸ்தான், ஆனால் இருந்தது அந்த வீட்டுக்குள். அவருடைய சட்டப்படி அதுவும் முடியாது. நல்லா வேணும் என்று நினைத்தேன். பிறகு பாவமாகவும் இருந்தது.

சீஸ் வந்தது. அதில் மட்டும் நான் உதவிக்குப் போகவில்லை. தாலி கட்டின புருஷனுக்காக ஒருத்தி இவ்வளவுதான் செய்யலாம். அது அவர் முன்னால் அப்படியே கிடந்து வியர்த்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாக அவர் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். அடியில் மஞ்சளாக ஆங்கிலேயக் கிறீம். அதற்கு மேல் முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, பாலில் அவித்து, பெரிய பெரிய வெண்கட்டிகளாக மிதக்க விட்டிருந்தார். மேலே கருக்கிய சீனி பொன் நூலாக ஓடியது. வனிலா மணம் சீஸின் மணத்தை ஒரு வழியாக விரட்டிவிட்டது. மனுஷி ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அன்றைக்கு முதல் தடவையாக முழு உடம்பையும் சாய்த்து உட்கார்ந்தார்.

"இப்போது கதைப்போம்" என்றார். மகன் நோர்வேஜியனில் சொல்லிக்கொண்டு வந்தான்.

முதலில் என்னைப் பார்த்தார். "கோழி நன்றாக இருந்ததா என்று உங்களைக் கேட்கவேண்டியதில்லை, மேடம். மூன்று பேருடையதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். என் மேசையில் யார் சாப்பிடுகிறார், யார் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போகாது."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது. வயிறு இருந்த நிலைமைக்கு அந்த ஓட்டைக்குள் நான் நுழைந்திருக்கவும் மாட்டேன்.

பிறகு அவர் என் மனுஷன் பக்கம் திரும்பினார். "நீங்கள் சாப்பிடாததற்கு உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். அதை நான் கேட்கமாட்டேன். எனக்கு வேறொன்று தெரியவேண்டும். என் மகன் உங்கள் மகளைக் கல்யாணம் கட்டச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டுவிட்டான். ஒவ்வொரு தரமும் அவள் இல்லை என்கிறாள். ஏன் என்றும் சொல்கிறாள் இல்லை. என் மகனில் என்ன குறை, முஸ்யூ?"

என் மனுஷன் திருதிருவென்று முழித்தார். "அதக் கேக்கத்தானே நான் வந்தனான்" என்று தமிழில் என்னிடம் சொன்னார். "இவன்தான் கட்டாம வச்சிருக்கிறான் எண்டெல்லோ நான் நினைச்சன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷமாக வியாழக்கிழமை வியாழக்கிழமை அந்தக் கதிரையில் இருந்து வழித்து வழித்துத் தின்ற எனக்கு, இது தெரியாது. எல்லோரும் மகளைப் பார்த்தோம். அவள் தகப்பனை மட்டும் பார்த்தாள். அதே தாடை, அதே பிடிவாதம். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நான்தான் மாட்டன் எண்டனான் அப்பா" என்றாள்.

"ஏன் புள்ள?"

"நான் கலியாணம் கட்டினா நீங்க வருவீங்க. இருப்பீங்க. சாப்பிடுவீங்க. எனக்குத் தெரியும். ஆனா அது மருமகன்ட வீட்டில சாப்பிடுறது. சம்பந்தி வீட்டில சாப்பிடுறது." அவள் வாசல் பக்கம் கையை நீட்டினாள். "இது என்ட வீடும்தானே அப்பா. கதவில என்ட பேரும் கிடக்கு. நான் சமைக்கிறன், நான் கூட்டுறன், நான் வாங்க எண்டு ஆக்களக் கூப்பிடுறன். ரெண்டு வருசத்தில எனக்கெண்டு ஒரு நாள் இருந்து ஒரு வாய் சாப்பிட்டீங்களா? தாலி இருந்தாத்தான் நான் வச்சத சாப்பிடுவீங்க எண்டா, எனக்கு அந்தத் தாலி வேணாம். நீங்க முதல்ல எனக்காகச் சாப்பிடுங்க. மறுகா கட்டுறன். இவரோடதான் கட்டுறன். எனக்கும் விருப்பம்தான்."

"இத ஏன் நீ எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட வைக்கிறதா? அது என்ன சாப்பாடு?"

பிரெஞ்சுக்காரர் இரண்டு பேருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. தாய் மகனை முழங்கையால் இடித்தார், மகன் என்னைப் பார்த்தான். மகளும் சொல்லுகிற மாதிரி இல்லை, தகப்பனும் சொல்லுகிற மாதிரி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்தான் நோர்வேஜியனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்யாணப் பேச்சு முடியாமல் சாப்பிடமாட்டார், இவள் அவர் சாப்பிடாமல் கல்யாணத்துக்குச் சம்மதிக்கமாட்டாள், இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது, நான் நடுவில் கிடந்து எல்லாக் கோழியையும் தின்கிறேன் என்று. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகையும் வந்தது, மனுஷன் மேல் கெட்ட கோபமும் வந்தது.

பெடியன் தாய்க்குச் சொன்னான். பாவம், இவ்வளவு நாளும் தன்னில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று முழுக்க அகப்பையை மற்றவர் தொட விடாத சம்பந்தியம்மா, அதை எடுத்து என் மகளின் கையில் கொடுத்தார்.

மகள் எழும்பினாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கிறீமை ஊற்றி, மேலே ஒரு வெண்கட்டியை வைத்து, தகப்பனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். "சாப்பிடுங்க" என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்றாள்.

அவர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எழும்பி ஜாக்கெட்டை எடுத்தாரென்றால் இந்த மனுஷனோடு இனி ஒரு வீட்டில் இருப்பதில்லை என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நினைத்தேன்.

அவர் கரண்டியை எடுத்தார்.

முதல் வாய் போனது. கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவது வாய்க்கு அந்த வெண்கட்டி கரண்டியிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. விரலால் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, விரலையும் நக்கினார். பிறகு நிறுத்தவில்லை. காலையிலிருந்து கிடந்த பசி எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டார். கிறீம் மீசையில் ஒட்டியது, நாடியில் வழிந்தது. சம்பந்தியம்மா கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றாள் மகள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. "இப்ப கேளுங்க. கலியாணத்தக் கேளுங்க."

அவர் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"சாப்பிடக்குள்ள கதைக்கப்படாது புள்ள" என்றார். கிண்ணத்தின் அடியைச் சுரண்டி வழித்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வை."

அவளால் வைக்க முடியவில்லை. அகப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றாள். அவர் கிண்ணத்தை நீட்டியபடியே இருந்தார், கையை இறக்கவில்லை.